தன் வினையின் கணக்கு
(பர்யூஷணத் திருநாள்களை ஒட்டிப் பேரிகையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

1894ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஓர் இளைஞர் பெரும் மனக்கலக்கத்தில் இருந்தார். வயது 24. குஜராத்தி வணிகர் ஒருவரின் வழக்கைக் கவனிப்பதற்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் அந்நாட்டுக்குச் சென்ற வழக்கறிஞர் அவர். பிரிட்டோரியா நகரில் அவருக்கு வாய்த்த கிறித்தவ நண்பர்கள் பண்பாளர்கள். அவர் நலனை உண்மையாகவே நாடியவர்கள். அவரைத் தொழுகைக் கூட்டங்களுக்கு அழைத்துச் சென்றார்கள், நூல்கள் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வழக்கின் உரிமையாளரான முகம்மதிய நண்பரோ இசுலாத்தின் பெருமையை எடுத்துரைத்து வந்தார். இளைஞருக்குத் தம் முன்னோர் சமயத்தின் குறைகள் தெரிந்திருந்தன. தீண்டாமையை அவரால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. அதே நேரத்தில் அச்சமயத்தின் நிறைகள் என்னவென்று கேட்டால் உறுதியாக விடை சொல்லும் அளவுக்கு அறிவும் இல்லை. அந்த இளைஞர்தான் மோகன்தாஸ் காந்தி.

அந்நாள்களில் நடந்த ஓர் உரையாடலைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கிறித்தவத்தின் ஒரு பிரிவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் அவரிடம் வாதிட்டார். மனிதன் குற்றம் செய்யாமல் இருக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு குற்றத்தையும் எண்ணி எண்ணி வருந்துவதும் திருத்திக்கொள்ள முயல்வதும் முடிவில்லாத வேலை. சுமையை மீட்பர்மீது வைத்துவிட்டால் அமைதி கிடைக்கும் என்பது அவர் வாதம். காந்தி இதை ஏற்கவில்லை. குற்றத்தின் விளைவிலிருந்து தப்புவது தமக்கு வேண்டியதன்று, குற்றத்திலிருந்தே விடுபட வேண்டும், அதுவரை அமைதியின்றி இருப்பதற்கும் தாம் ஆயத்தம் என்ற கருத்துப்பட விடையிறுத்தார். கிறித்தவர் அனைவரும் இவ்வாறு எண்ணுபவர்கள் அல்லர் என்பதையும் அவரே அடுத்து எழுதுகிறார். எனவே இந்நிகழ்ச்சியை ஒரு சமயத்தை இழித்துக் காட்டும் பொருட்டு எவரும் எடுத்துக் கூறலாகாது. அந்த வாதம் எல்லாச் சமயத்தாரிடத்திலும் உண்டு. காணிக்கை செலுத்திக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணும் சமணரும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கலக்கத்தில் இருந்த அந்த வழக்கறிஞர் இந்தியாவில் தாம் மதித்த ஒருவருக்குத் தம் ஐயங்களை வரிசைப்படுத்தி எழுதி அனுப்பினார். மொத்தம் 27 கேள்விகள். உயிர் என்பது எது, அது வினை செய்கிறதா, வினை அதைப் பற்றுகிறதா என்பது முதல் கேள்வி. கடவுள் என்பவர் யார், உலகைப் படைத்தவர் அவர்தாமா என்பது அடுத்தது. இப்படி விரிந்து சென்ற பட்டியலின் இறுதியில் ஒரு பாம்பு வந்தது. ஒரு பாம்பு கடிக்க வந்தால் கடிக்க விட்டுவிடுவதா, அதைக் கொல்வதா?

இந்தக் கேள்விகளைப் பெற்றவர் துறவி அல்லர், மடாதிபதியும் அல்லர். மும்பையில் முத்தும் வைரமும் விற்ற வணிகர். கேட்டவரைவிட இரண்டு ஆண்டுகளே மூத்தவர். இன்று ஸ்ரீமத் ராஜ்சந்திரர் என்று உலகம் போற்றும் ராய்சந்த் பாய் அவர்தாம்.

1867ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமியன்று சௌராட்டிரத்தின் வவாணியா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை ராவ்ஜிபாய் வைணவ வழிபாட்டினர். தாய் தேவ்பாய் சமணக் குடியில் வந்தவர். ஏழு வயதில், தெரிந்த ஒருவர் பாம்பு தீண்டி இறந்ததாகவும், அந்த உடல் சிதையில் எரிவதைச் சிறுவன் மறைந்திருந்து பார்த்ததாகவும், நேற்று வரை பேசிச் சிரித்தவரிடமிருந்து போய்விட்டது எது என்ற கேள்வி அன்றே அவனுள் பிறந்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னாளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கடிதத்தின் கடைசிக் கேள்வியைப் படித்தபோது அந்தச் சிதை அவர் நினைவுக்கு வந்திருக்குமோ என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

பதினாறாம் வயதில் 108 பாடங்கள் கொண்ட 'மோட்சமாலை' என்னும் நூலை மூன்றே நாளில் எழுதி முடித்தார். அதைவிட அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது நினைவாற்றல். 1887ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், மும்பையில் அறிஞர் கூடிய அவையில் நூறு செயல்களை ஒருசேர நினைவில் நிறுத்திக் காட்டும் சதாவதானத்தை நிகழ்த்தினார். அன்றைய தலைமை நீதிபதி அவரை ஐரோப்பாவுக்கு வருமாறு அழைத்தார். நம் நாட்டு அவதானியர் எவருக்கும் அந்நாளில் எளிதில் கிட்டாத வாய்ப்பு. அவர் மறுத்துவிட்டார். சில காலத்திற்குள் அவதானம் செய்து காட்டுவதையே நிறுத்திவிட்டார். பாராட்டுரைகளும் பதக்கங்களும் பெருகப் பெருகத் தேட வந்த பொருள் விலகிப் போவதை அவர் உணர்ந்ததே காரணம். தன்னை அறிதல் என்னும் பயிற்சியின் முதற்படி இதுதான் போலும். கையில் உள்ள திறமை தனக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது. அது தன்னை எங்கே இழுத்துச் செல்கிறது என்று கவனிப்பது. பிள்ளைகள் மேடையேறிப் பரிசு பெறுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து மகிழும் பெற்றோர் இச்செய்தியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

1891ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இங்கிலாந்தில் படிப்பு முடித்து மும்பையில் வந்து இறங்கிய நாளிலேயே காந்தி இவரைச் சந்தித்தார். தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் சொல்லி நினைவாற்றலைச் சோதித்தார். சொன்ன வரிசை மாறாமல் சொற்கள் திரும்பி வந்தன. வியந்தார்; ஆனால் தம்மைக் கவர்ந்தது அதுவன்று என்று எழுதுகிறார். கடையில் அமர்ந்து இலட்சக் கணக்கில் வாணிகம் செய்யும் அம்மனிதரின் மேசையில் எப்போதும் ஒரு சமய நூலும் ஒரு நாட்குறிப்பும் இருக்கும். வாணிகப் பேச்சு முடிந்த மறுகணம் அவற்றுள் ஒன்று திறக்கப்படும். முத்தின் நீரோட்டத்தைப் பார்த்து விலை சொன்ன அதே கண், அடுத்த நொடியில் உள்ளே திரும்பிவிடும். இவர் தேடுவது வேறொன்று என்பது இளைஞர் காந்திக்குப் புரிந்தது.

கடைக்கும் நாட்குறிப்புக்கும் இடையே அவர் சுவர் எழுப்பவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு செய்தி உண்டு. ஒரு வணிகர் குறித்த நாளில் குறித்த விலைக்கு நவமணிகள் தருவதாக அவரோடு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். நாள் நெருங்குமுன் சந்தை விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஒப்பந்தப்படி சரக்கைக் கொடுத்தால் அவ்வணிகரின் குடும்பமே தெருவுக்கு வர வேண்டியதுதான். ராய்சந்த் பாய் அவர் கடைக்குச் சென்றார். பணம் கேட்க வந்துவிட்டார் என்று எண்ணிய வணிகர், எப்படியாவது பாடுபட்டுக் கடனைத் தீர்த்துவிடுவதாகக் கெஞ்சினார். கவலைக்கு வேராக இருப்பது அந்தத் தாள் அல்லவா என்று கேட்டு வாங்கி அதைக் கிழித்துப் போட்டார் இவர். பால் அருந்தலாம், பிறர் குருதியை அருந்தலாகாது என்ற பொருளில் அப்போது அவர் சொன்னதாகச் சொல்வார்கள். வழக்கு மன்றத்துக்குப் போயிருந்தால் தீர்ப்பு அவர் பக்கமே வந்திருக்கும். தாள் சரியானது, கையெழுத்து சரியானது. ஆயினும் அந்தத் தாளின் வழியே பிறர் குடி அழியுமானால் அழிப்பது யார்? சந்தையா, சட்டமா, தாளை நீட்டும் கையா?

பேரிகைச் சுற்றுவட்டாரத்தில் தக்காளி பயிரிடுவோரும், அவர்களுக்கு விதையும் உரமும் கடனாகக் கொடுத்து விளைச்சலை எதிர்பார்த்திருக்கும் கடைக்காரரும் இந்தக் கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எதிர்கொள்கிறார்கள். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத விலைக்குச் சந்தை இறங்கும் நாள்களில் பழம் சாலையோரம் கொட்டப்படுவதை இப்பகுதியில் காணாதவர் இல்லை. அன்று கடன் சீட்டை நீட்டும் கை யாருடையது என்பதை நீட்டுபவர் ஒருவரே அறிவார். எல்லாச் சீட்டையும் கிழித்துவிட வேண்டும் என்பதன்று. கிழித்தால் கடையே நில்லாது. நீட்டுவதற்கு முன் ஒருமுறை அந்தக் கையைப் பார்ப்பது உண்டா என்பதே கேள்வி.

இனி அந்த 27 கேள்விகளுக்கு வருவோம். 1894 அக்டோபரில் விடைகள் எழுதப்பெற்றன. உயிர் உண்டு, அது அறிவே வடிவானது, அறியாமை நிலையில் அது சினம், ஆசை முதலியவற்றைச் செய்கிறது, செய்த வினையின் பயனை அதுவே நுகர்கிறது என்று முதல் விடை அமைந்தது. உலகைப் படைத்து, வினைகளுக்குத் தக்கவாறு கூலி பகிர்ந்தளிக்கும் ஒருவர் மேலே அமர்ந்திருப்பதாகக் கொள்ள வேண்டிய தேவை இல்லை என்று அடுத்த விடை காட்டியது. பாம்பைப் பற்றிய விடை இன்னும் கூர்மையானது. உடல் அழியக்கூடியது என்று உணர்ந்தவர், தமக்குப் பற்றே இல்லாத ஓர் உடலைக் காப்பதற்காக, தன் உடல்மீது பற்றுக் கொண்டுள்ள மற்றோர் உயிரைக் கொல்வது எப்படிப் பொருந்தும் என்று எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. அத்தகைய உணர்வு இன்னும் வராதவருக்கு என்ன சொல்வது? அவரைப் போய்க் கொல் என்று எவ்வாறு அறிவுரை கூற முடியும் என்று கேட்டு, அந்நிலைக்கு ஒரு விதியும் எழுதித் தர மறுத்துவிட்டார். கேட்டவர் தம் நிலை எது என்று தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாம்பைப் பற்றிக் கேட்ட கேள்வி கேட்டவரைப் பற்றிய கேள்வியாகத் திரும்பிவிட்டது.

இதே கருத்து இரண்டு ஆண்டுகள் கழித்து முழு வடிவம் பெற்றது. 1896ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த பருவத்தில் குஜராத்தின் நடியாத் நகரில், ஒரு மாலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் 142 செய்யுள்களில் 'ஆத்ம சித்தி' என்னும் நூலை அவர் இயற்றினார். அவர் எழுதி முடிக்கும்வரை அம்பாலால் என்னும் அன்பர் விளக்கை ஏந்தி நின்றார். நூல் நான்கே படிகளாக எடுக்கப்பெற்று நால்வரிடம் மட்டும் கொடுக்கப்பெற்றது. உயிர் உண்டு, அது நிலைபெற்றது, அது வினையைச் செய்கிறது, வினைப்பயனை அதுவே நுகர்கிறது, வீடுபேறு உண்டு, அதை அடையும் வழியும் உண்டு என்னும் ஆறு உறுதிப்பாடுகளை, மாணவர் ஐயம் எழுப்ப ஆசிரியர் விளக்குவதாக அந்நூல் நிறுவுகிறது. தமிழில் 'நீலகேசி' படித்தவர்களுக்கு இந்த வாதமுறை புதிதாகத் தோன்றாது.

அந்த ஆறனுள் நடுவில் நிற்கும் இரண்டும் ஒரே பொருளின் இரு முகங்கள். செய்பவன் யாரோ அவனே நுகர்பவன். வினை அறிவில்லாத பொருளாயிற்றே, அது எப்படிச் செய்தவனைத் தேடி வரும் என்று மாணவர் கேட்கிறார். நஞ்சுக்குத் தான் நஞ்சு என்று தெரியாது. ஆனாலும் உண்டவன் உடலில் அது வேலை செய்யாமல் விடுவதில்லை என்ற வகையில் ஆசிரியர் விளக்கம் செல்கிறது. தண்டிக்க ஒருவர் வேண்டியதில்லை. மன்னிக்கவும் ஒருவர் இல்லை. கேட்பதற்குச் சற்று அச்சமாகத்தான் இருக்கும். ஆயினும் ஐந்தாவதையும் ஆறாவதையும் சேர்த்துப் பார்த்தால் அச்சம் நம்பிக்கையாக மாறுகிறது. கட்டியவன் தானே என்றால் அவிழ்ப்பவனும் தானே. பிறர் கட்டிய முடிச்சாக இருந்தால் பிறர் வந்து அவிழ்க்கும்வரை காத்திருக்க நேரும்.

வாழ்க்கைக்குப் பொருள் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சிப்காட் வளாகத்தில் இரவு முறைவேலையில் ஒரே உதிரிப்பாகத்தை ஆயிரம் முறை எடுத்து வைக்கும் ஓர் இளைஞனுக்கு அது வெற்றுக் கேள்வியன்று. அவனுக்கு ஸ்ரீமத் தந்திருக்கக் கூடிய விடை, பொருள் வெளியே எங்கோ வைக்கப்பட்டிருக்கிறது, தேடிக் கண்டுபிடி என்பதாக இராது. செய்கிறவன் யார், செய்யும்போது அவனுள் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருப்பார். ஆயிரமாவது பாகத்தை எடுக்கும்போது மேற்பார்வையாளர்மீது எழும் சினம், பக்கத்தில் நிற்பவன்மீது எழும் பொறாமை, குறையுள்ள பாகத்தைக் கண்டும் காணாமல் தள்ளிவிடும் ஒரு நொடி. அவன் வாழ்க்கை அந்த நொடிகளில்தான் நடந்துகொண்டிருக்கிறது. அவற்றுக்குச் சாட்சி அவன் ஒருவனே.

இங்கே ஒரு பெரும் பிழையைச் சுட்டாமல் மேலே செல்ல முடியாது. வினைக் கொள்கை தன்னை நோக்கித் திருப்ப வேண்டிய விளக்கு. அதை அடுத்தவர் முகத்தில் அடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அழுத்துப்பொறியில் விரலை இழந்து நிற்கும் ஒரு தொழிலாளியைப் பார்த்து, "அவன் செய்த வினை" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகும் முதலாளி தம்மைச் சமயப் பற்றுள்ளவர் என்று கருதிக்கொள்ளலாம். உண்மையில் அவர் சமயத்தின் மையக் கருத்தையே தலைகீழாக்கிவிட்டார். தொழிலாளியின் முற்பிறவி வினை அவர் ஆராய வேண்டிய பொருளன்று. அதை ஆராயும் ஞானமும் அவருக்கு இல்லை. பொறிக்குக் காப்புத் தடுப்பு பொருத்தியிருந்ததா, உற்பத்தி வேகம் குறையும் என்று அதை யாராவது கழற்றி வைத்தார்களா, கழற்றியது தெரிந்தும் வாய்மூடி இருந்தது யார் என்பவையே அவருடைய வினை. மருத்துவமனைச் செலவையும் குடும்பத்தின் வாழ்வையும் அடுத்து அவர் என்ன செய்யப் போகிறார் என்பதும் அவருடைய வினை. தன்வினையை ஆராயச் சொன்ன சமயத்தைப் பிறவினை ஆராயும் சமயமாக்குவது பெரும் அநீதி.

இந்த நிலத்துக்கு வணிகரின் அறம் புதிதன்று. பழைய தகடூராகிய தருமபுரியில் கிடைத்த, நுளம்பர் காலத்தைச் சேர்ந்த ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கல்வெட்டொன்று, வணிகர் குடியில் பிறந்த உடன்பிறந்தார் இருவர் அவ்வூரில் ஒரு பசதியை எழுப்பிய செய்தியைக் கூறுகிறது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்த மேட்டுநிலத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே சமண வணிகர் வாழ்ந்திருக்கிறார்கள், சந்தைக்குப் போயிருக்கிறார்கள், தராசு பிடித்திருக்கிறார்கள். மார்வாரிலிருந்தும் குஜராத்திலிருந்தும் அண்மைத் தலைமுறைகளில் வந்து குடியேறிய குடும்பங்கள் அந்தப் பழைய வரிசையின் கடைசியில் வந்து நிற்பவர்கள்.

தராசு பிடிப்பவருக்கு உமாசுவாதி ஆசாரியர் எழுதி வைத்ததை இந்நாளில் ஒருமுறையேனும் நினைவுகொள்ள வேண்டும். திகம்பரர், சுவேதாம்பரர் ஆகிய இரு மரபினரும் ஒருங்கே ஏற்றுப் போற்றும் நூல் 'தத்துவார்த்த சூத்திரம்'. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியில் தொடங்கும் அந்நூல், இல்லறத்தாருக்குரிய அணுவிரதங்கள் எவ்வெவ்வாறு ஓசையின்றிப் பழுதுபடும் என்று விரிவாகப் பேசுகிறது. கள்ளாமை என்னும் விரதத்தைப் பழுதாக்குவன ஐந்து. பிறரைத் திருட்டுக்குத் தூண்டுவது ஒன்று. திருடி வந்த பொருளை வாங்குவது இரண்டு. நாட்டின் ஆணைக்கு மாறாக வாணிகம் நடத்துவது மூன்று. குறைந்த எடையும் மிகுந்த அளவும் கையாள்வது நான்கு. நல்ல சரக்கில் போலியைக் கலப்பது ஐந்து.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தப் பட்டியலைப் படிக்கும்போது, ஆசாரியர் இந்த எல்லைப்புறக் கடைவீதியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும். அடகுக் கடைக்கு வரும் நகை யாருடையது? பழைய இரும்புக் கடைக்கு இரவில் வந்து இறங்கும் செப்புக் கம்பி எங்கிருந்து வந்தது? கேட்காமல் இருப்பது வசதியானது. கேட்காதவரைக் காவலரும் எளிதில் குற்றம் சொல்ல முடியாது. ஆசாரியர் அந்த வசதியைத்தான் பெயர் சொல்லிக் குறிக்கிறார். ஆணைக்கு மாறான வாணிகம் என்பதற்கும் இங்கு விளக்கம் தேவைப்படாது. ஒருபுறம் சூசூவாடி, மறுபுறம் அத்திப்பள்ளி என்று சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் இரு மாநில வரிகளுக்கும் இடையே சரக்கு எப்படி எப்படி நழுவியது என்பதை மூத்த வணிகர் அறிவர். 2017 ஜூலையில் பொதுவரி வந்து அந்தக் கதை மாறியது. சரக்கு இல்லாமல் பட்டியல் மட்டும் எழுதும் புதிய கதைகள் நாட்டில் பிறந்திருக்கின்றன.

கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இடப்படுகிறது. ஓசூரின் தொழிற்கூடங்களிலோ இன்னும் நுட்பமான வழக்கம் ஒன்று உண்டு. செய்த பொருள் சரியா என்று பார்க்கும் அளவுகருவியையே, வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும், குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பிச் சான்று பெறுகிறார்கள். கருவி நூலிழை அளவு பிசகியிருந்தாலும் அதைக்கொண்டு அளந்த பாகங்கள் அனைத்தும் ஐயத்துக்கு உரியனவாகிவிடும். கருவிக்குத் தன் பிழை தெரியாது. அது ஒவ்வொரு முறையும் உறுதியோடுதான் அளவைக் காட்டும். பிறரை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் மனமும் அவ்வாறே.

சமண இல்லறத்தாருக்கு அந்தச் சோதனை பிரதிக்கிரமணம் என்னும் பெயரில் விதிக்கப்பட்டிருக்கிறது. எல்லை தாண்டிச் சென்ற இடத்திலிருந்து திரும்பி வருதல் என்பது அச்சொல்லின் பொருள். பகலில் செய்தவற்றுக்கு மாலையில், இரவில் செய்தவற்றுக்குக் காலையில், பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று, நான்கு திங்களுக்கு ஒன்று, ஆண்டு முடிவில் சம்வத்சரி என ஐந்து. நாள்வரவுப் புத்தகமும் பேரேடும் ஆண்டுக் கணக்கும் எழுதிப் பழகிய குலத்தாருக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். அன்றாடக் குறிப்பை விட்டுவிட்டு ஆண்டிறுதியில் மட்டும் கணக்கை நேர்செய்ய உட்காருபவர் படும் பாடு கணக்கர்களுக்குத் தெரியும். சம்வத்சரி அன்று மட்டும் கண்களை மூடி உட்காருபவர் நிலையும் அதுதான். நினைவில் எதுவும் தெளிவாக வராது. வருவதும் பிறர் தமக்குச் செய்த தீங்காகவே இருக்கும்.

அந்தச் சடங்கின்போது, நடக்கும் வழியில் மிதிபட்ட ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை ஒவ்வொன்றும் எண்ணப்படுகிறது. உயிர்களை அறிவால் வகுக்கும் முறை தமிழருக்குத் தொல்காப்பிய மரபியல் வழியே பழக்கமானது. வேறுபாடு ஒன்றே: இலக்கண நூல் வகுத்துக் காட்டுகிறது, பிரதிக்கிரமணம் அவ்வகையுள் எதற்குத் தீங்கு செய்தாய் என்று கேட்கிறது. மந்திரத்தை விரைவாகச் சொல்லி முடித்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லிலும் நின்றால் நாற்பத்தெட்டு நிமிடமும் போதாது.

இவ்வளவும் தெரிந்தவர், தன்னை அறிந்தவர், ஏன் கடையை மூடிவிட்டுத் துறவு பூணவில்லை என்ற கேள்வி ஸ்ரீமத் வாழ்ந்த நாளிலேயே எழுந்தது. அவருடைய கடிதங்களைப் பார்ப்பவர்களுக்கு வாணிகம் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பது தெரியும். அவ்வப்போது மும்பையை விட்டு அகன்று ஈடர், கவிட்டா, ராளஜ், உத்தரசண்டா முதலிய இடங்களில் தனிமையில் தங்கினார். ஆயினும் முன்னை வினையால் தோளில் ஏறிய சுமை இது, சினமின்றிச் சுமந்து தீர்க்க வேண்டியது என்ற தெளிவோடு அதைச் சுமந்தார். தன்னறிவு என்பது பொறுப்பிலிருந்து விடுமுறை பெறும் வழி என்று எண்ணுவோருக்கு அவர் வாழ்க்கை ஆறுதல் தராது. உடல்நலம் குன்றி, 1901 ஏப்ரல் 9ஆம் நாள் ராஜ்கோட்டில் அவர் மறைந்தபோது வயது 33.

காந்தியடிகளின் நிலை இதைவிடச் சிந்திக்கத் தக்கது. தம்மை ஆழமாகப் பாதித்தவர்களாக டால்ஸ்டாயையும் ரஸ்கினையும் அவர்தம் நூல்கள் வழியாகவும், ராய்சந்த் பாயை நேர்ப்பழக்கத்தின் வழியாகவும் அவர் குறிப்பிடுகிறார். மனக்கலக்கம் வந்த போதெல்லாம் தமக்கு அடைக்கலமாக இருந்தவர் என்கிறார். எரவாடாச் சிறையில் இருந்தபோது அவரைப் பற்றிய நினைவுகளை எழுதத் தொடங்கினார். ஆனால் தம் நெஞ்சில் குருவின் இருக்கையில் அவரை அமர்த்த முடியவில்லை என்றும், அந்த இருக்கை வெறுமையாகவே இருக்கிறது என்றும் ஒளிக்காமல் எழுதிவிட்டார். சிலருக்கு இது நன்றி கொன்ற செயலாகத் தோன்றக்கூடும். 27 கேள்விகளுக்கும் கிடைத்த விடையை உண்மையாகப் படித்த மாணவர் வேறு எப்படி எழுதியிருக்க முடியும்? கடைசி விடையில் பொறுப்பைக் கேட்டவரிடமே திருப்பித் தந்தவர் அல்லரோ அந்த ஆசிரியர்! பின்னாளில் சத்தியாக்கிரகத்தில் பெருந்தவறு நிகழ்ந்த போதெல்லாம் காந்தி பிறரைச் சாடாமல் தாமே நோன்பிருந்ததற்கு வேர் எங்கே என்று ஆராய்வோர், 1894இன் அந்தக் கடிதத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, இத்திருநாளின் நிறைவில் வரும் மன்னிப்பு வேண்டுதல் பற்றி ஓரிரு சொற்கள். 'மிச்சாமி துக்கடம்' என்ற தொடருக்குச் செய்த தீமை பயனற்றுப் போகட்டும் என்பது பொருள். சுவேதாம்பரர் எட்டு நாளும் திகம்பரர் தசலட்சணமாகப் பத்து நாளும் நோற்று வந்து சேரும் இடம் அது. இப்போது அச்சிட்ட அட்டைகளிலும் கைப்பேசியிலும் ஐந்நூறு பேருக்கு ஒரே நொடியில் அத்தொடர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெறுபவரும் கும்பிடும் கைப்படம் ஒன்றை அனுப்பிவிடுகிறார். வாழ்த்துச் செய்தியாக அது இருப்பதில் தவறொன்றுமில்லை. ஆனால் அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோருக்கு அனுப்பியவர் எந்தத் தீங்கும் செய்திருக்க மாட்டார். தீங்கு செய்யப்பட்டவர் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருப்பதில்லை. பங்கு பிரித்தபோது பேச்சு நின்றுபோன உடன்பிறந்தவர், கணக்கு முடிக்காமல் அனுப்பப்பட்ட கடைப் பணியாளர், கல்லாவில் காசு குறைந்த நாளில் சொல்லத் தகாத சொல்லால் சுடப்பட்டுப் பின்னர் காசு வேறிடத்தில் கிடைத்தபோதும் ஒரு சொல்லும் கேளாமல் போன சிறுவன்: இவர்களில் பலர் சமணர்கூட அல்லர், 'மிச்சாமி துக்கடம்' என்றால் அவர்களுக்குப் புரியாது. தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ, நேரில் நின்று, செய்தது இன்னது என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.

மாலைப் பிரதிக்கிரமணம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கடைவீதி இங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது.